உழவர் சந்தைக்கு பெயிண்ட் அடிச்சது போதும், பஸ் விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

உழவர் சந்தைகளுக்கு அரசு நிதி ஒதுக்குறத பத்தி உங்க பத்திரிகையில வந்த செய்திய படிச்சேன். நான் நாமக்கல் பக்கம் கொஞ்சம் நிலத்துல கத்திரி, வெண்டை, கீரை போட்டு சந்தையில உக்காந்து விக்கிறவன், அதனால இத எழுதலாம்னு தோணுச்சு. நிதி வரலன்னு பொலம்பறதுக்கு இல்ல. வர்ற காசு எங்க போகுதுங்கிறது தான் என் கேள்வி.

2021 ஆகஸ்ட்ல முதல்முறையா வேளாண்மைக்குனு தனி பட்ஜெட் போட்டாங்கல்ல, அதுலயே 50 உழவர் சந்தைய புதுப்பிக்க 12.5 கோடி, புதுசா 10 சந்தை தொடங்க 6 கோடின்னு அறிவிச்சாங்க. பழைய சந்தை ஒன்னுக்கு கணக்கு போட்டா 25 லட்சம் வருது, சின்ன காசு இல்ல. நல்ல விஷயம் தான், ஒழுகற கூரைக்கு கீழ உக்காந்து வித்தவனுக்கு தான் அதோட அருமை தெரியும். ஆனா நான் போற சந்தையில கூரை, பெயிண்ட், வாசல்ல போர்டு எல்லாம் வந்ததுக்கு அப்புறமும் பாதி கடை காலியா தான் கெடக்கு. ஏன்னு யாரும் கேக்கல.

இந்த சந்தை எப்படி ஓடுதுன்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன். காலையில அதிகாரிங்க மொத்த மார்க்கெட் விலையும் வெளிய சில்லறை விலையும் விசாரிச்சு, மொத்த விலைக்கு 20 சதவீதம் போல மேல, சில்லறைக்கு 15 சதவீதம் போல கீழ ஒரு விலைய வெச்சு போர்டுல எழுதிடுவாங்க. கடை வாடகை கெடையாது, தராசு அவங்களே தருவாங்க, விவசாயின்னு போட்டோ ஒட்டின அடையாள அட்டை இருக்கணும். இடையில கமிஷன் மண்டி இல்லாததால விக்கிறவனுக்கும் வாங்கறவனுக்கும் ஆளுக்கு கொஞ்சம் மிஞ்சும். 1999 நவம்பர் 14 அன்னைக்கு மதுரை அண்ணா நகர்ல கலைஞர் முதல் சந்தைய தொறந்தப்ப இருந்த யோசனை இது தான், இதே மாதிரி விவசாயி நேரா விக்கிற சந்தை அதே வருஷம் ஜனவரில ஆந்திராவுல ரைத்து பஜார்ங்கிற பேர்ல வந்துடுச்சு, பஞ்சாப்ல அதுக்கும் முன்னாடியே அப்னி மண்டின்னு இருந்துச்சு. 2001ல ஆட்சி மாறினதும் நம்ம ஊரு சந்தைங்கள கண்டுக்காம விட்டாங்க, 2006க்கு அப்புறம் மறுபடி உயிர் வந்துச்சு. கட்சிய பொறுத்து காய்கறி விக்கிற ஊரு நம்ம ஊரு, அத விடுங்க.

அப்ப சந்தைய ஓட வெச்சது கட்டடம் இல்லங்க, பஸ்ஸு. விடியறதுக்கு முன்னாடி கிராமத்துல இருந்து சந்தை வழியா பஸ் விட்டாங்க, காய் மூட்டைக்கு லக்கேஜ் காசு வாங்க மாட்டாங்க. எங்க ரூட்ல அந்த நேரத்துக்கு இப்ப வண்டியே இல்ல. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம், ரொம்ப நல்லது, ஆனா காலையில வர்ற வண்டியில ஸ்கூல் பசங்க கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு மூட்டை வெண்டக்காய ஏத்தினா கண்டக்டர் மொறைக்கிறாரு, அவர சொல்லியும் குத்தம் இல்ல. அப்புறம் என்ன, குட்டியானை வாடகைக்கு புடிக்கணும். கீரை வித்து வர்ற காசுல வண்டி வாடகைய கழிச்சா அந்த 20 சதவீதம் அங்கயே காலி, அதுக்கு தோட்டத்துக்கே வர்ற வியாபாரிகிட்ட அவன் சொல்ற விலைக்கு தள்ளிட்டு படுத்து தூங்கலாம்னு பக்கத்து தோட்டத்துக்காரங்க நிறைய பேர் போயிட்டாங்க.

காலியான எடத்துல யாரு உக்காருறா? அடுத்தவன் அட்டைய வாங்கி வெச்சிருக்கிற வியாபாரி. இன்னொரு பக்கம் நெசமா பயிர் பண்ற குத்தகைக்காரனுக்கு பட்டா ஓனர் பேர்ல இருக்கிறதால சிட்டா அடங்கல்னு அலைஞ்சு அட்டை வாங்கறதுக்குள்ள ஒரு போகமே முடிஞ்சுடும். சந்தை வாசலுக்கு வெளிய ரோட்டோரமா வரிசையா தள்ளுவண்டி நிக்குது, அவங்களுக்கு விலை போர்டு கெடையாது, வண்டிய நிறுத்தின எடத்துலயே வாங்கலாம்னு ஜனங்க உள்ள வர்றதில்ல. அவங்களும் பொழைக்க வந்தவங்க தான், வெரட்டுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவங்களுக்கு வேற எடம் காட்டுறதுக்கும் ஒரு ஒதுக்கீடு வேணும்.

நெட்ல பாத்த ஒரு விஷயம். அமெரிக்காவுல அவங்க விவசாயத்துறை உழவர் சந்தைக்கும் உள்ளூர் காய்கறி விநியோகத்துக்கும் போட்டிக்கு விண்ணப்பம் வாங்கி மானியம் தருது, அந்த காசுல நிலம் வாங்கவோ கட்டடம் வாங்கவோ கூடாது. ஆள் பயிற்சி, விளம்பரம், சரக்கு கொண்டு போறதுக்கான ஏற்பாடு இதுக்கு தான் செலவு பண்ணலாம், மானியம் வாங்கறவங்க தங்க பங்கா 25 சதவீதம் போடணும். அங்கயும் எல்லாம் சொகமா இல்ல, பள்ளிக்கூடமும் உணவு வங்கியும் உள்ளூர் விவசாயிகிட்ட வாங்கறதுக்குனு இருந்த வேற திட்டங்கள 2025 மார்ச்ல நிறுத்திட்டாங்க, கிட்டத்தட்ட 100 கோடி டாலர். அத நம்பி நாத்து விட்டவன் கதிய நெனச்சு பாருங்க. இருந்தாலும் நிலம், கட்டடம் வாங்க கூடாதுங்கிற அந்த கண்டிஷன் நமக்கு ஒத்து வரும்னு தோணுது, ஏன்னா இங்க காசுன்னு வந்தாலே காண்ட்ராக்டர், டெண்டர், சிமெண்ட்னு தான் போகுது. 2018 மத்திய பட்ஜெட்ல 22,000 கிராம சந்தைகளையும் 585 ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களையும் மேம்படுத்தறதுக்கு 2,000 கோடி நிதின்னு சொன்னாங்களே, அதுவும் பேரே உள்கட்டமைப்பு நிதி தான்.

பத்து மணிக்கு மேல மிஞ்சற காய் இன்னொரு தலைவலி. வாடின கீரைய திருப்பி தூக்கிட்டு போக வண்டி காசு யாரு குடுப்பா, மாட்டுக்கு போட்டுட்டு வர்றோம். அதே ஊர்ல சத்துணவு இருக்கு, காலை உணவு திட்டம் இருக்கு, சாம்பாருக்கு காய் எங்கயோ தான் வாங்கறாங்க. பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கு என்ன காய் எத்தன கிலோ வேணும்னு முந்தின நாளே சந்தை ஆபீஸ்ல சொல்லிட்டா, காலையில போர்டுல இருக்கிற விலைக்கே பறிச்சு கொண்டு வந்து குடுத்துட மாட்டோமா. இதுக்கு வேண்டியது ஒரு ஆளு, ஒரு போன், பில்லுக்கு காசு வாரா வாரம் தவறாம வரணும், அவ்வளவு தான். காசு மூணு மாசம் கழிச்சு வந்தா எங்களால முடியாது, இத இப்பவே சொல்லிடறேன்.

அடுத்த வேளாண் பட்ஜெட்டுக்கு கருத்து கேப்பாங்க. அதுக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி, புதுப்பிச்ச சந்தைங்கள்ல காசு போட்டதுக்கு முன்னாடி எத்தன விவசாயி வந்தாங்க, இப்ப எத்தன பேர் வர்றாங்க, எத்தன கிராமத்துல இருந்து விடியக்காலை பஸ் இருக்குன்னு தகவல் வாங்கி போடுங்க. காலையில அஞ்சு மணிக்கே வர சொல்லுங்க, எட்டு மணிக்கு வந்தா வியாபாரிய தான் பாப்பாரு.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
நாமக்கல் மாவட்டம்.