எங்கள் மீன்களைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பாம்பனில் வண்ணக் கடல் மீன்கள் வளர்க்கும் எங்கள் மகளிர் குழுவின் கொட்டகையில், சென்ற புரட்டாசியில் மீன்கள் திடீரென்று செத்து மிதந்தபோது, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து காரணத்தைக் கண்டறிந்து, மிச்சம் இருந்தவற்றை மீட்டுக் கொடுத்த அனைவருக்கும் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். அவர்கள் என்ன பார்த்தார்கள், எந்த வரிசையில் பார்த்தார்கள் என்பது இந்தக் கரையில் மீன் வளர்க்கும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அன்று காலை வழக்கம்போலத் தண்ணீர் மாற்றினோம். மதியம் போட்ட தீனியை நிமோ மீன்கள் சீந்தவில்லை. பொழுது சாய்வதற்குள் அவை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, செவுள் படபடக்க வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. விடிவதற்குள் பல மீன்கள் அடியில் கிடந்தன. கூடவே இருந்த டாம்செல் மீன்களும் தப்பவில்லை. சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு அனுப்ப வேண்டிய பருவத்து மீன்கள் அவை. தொலைபேசியில் நாங்கள் ஆலோசனை கேட்ட ஒரு கடையில், இது செவுளிலும் தோலிலும் ஒட்டுண்ணி பற்றும் வெல்வெட் நோய்தான், காப்பர் சல்பேட்டும் ஆன்டிபயாட்டிக்கும் உடனே போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்த பெரியவருக்கு எங்கள் முதல் நன்றி. மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சிப் பணியில் பல்லாண்டு இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வந்ததும், "மருந்தை மூடி வையுங்கம்மா. சாகாத தொட்டி எது, அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டார். எல்லோரும் செத்த மீனையே பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த ஒரு கேள்விதான் வழியைத் திறந்தது. பின்வரிசைத் தொட்டிகளில் ஒரு மீன்கூட வாடவில்லை. அவற்றுக்குச் சேமிப்புத் தொட்டியில் இருந்த பழைய தண்ணீரை ஊற்றியிருந்தோம். அன்று கடலிலிருந்து ஏற்றிய புதுத் தண்ணீர் முன்வரிசைக்கு மட்டும் போயிருந்தது. நோய் என்றால் ஒரு தொட்டியில் தொடங்கி, ஒன்றிரண்டாக விழுந்து, நாள் ஆக ஆகப் பெருகும் என்றும், வெவ்வேறு இன மீன்கள் ஒரே இரவில் ஒன்றாக விழுந்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார்.

ஆனாலும் அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. வெல்வெட் நோயிலும் மீன் இப்படித்தான் மூச்சுக்குத் திணறும் என்பதால் செவுளைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றார். கடல் உயிரியல் படித்த எங்கள் ஊர்த் தங்கை ஒருவர் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். செத்து நேரமான மீன் உதவாது, ஒட்டுண்ணி அதை விட்டுப் போயிருக்கும் என்று சொல்லி, உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த ஒரு மீனை எடுத்து, செவுளின் ஓரத்தை நகக்கண் அளவுக்கு வெட்டிக் கண்ணாடித் துண்டில் வைத்தார். எங்களையும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னார். சீப்புப் பற்கள் போல வரிசையாக நின்ற செவுள் இழைகள் வீங்கிச் சிவந்திருந்தன. வெல்வெட் நோய்க்கு அடையாளமான கரும்பழுப்பு முட்டை வடிவ உருண்டைகளில் ஒன்றுகூட இல்லை. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்தபோது உடம்பின் மேல் பொன்தூள் போன்ற படிவும் தெரியவில்லை.

அடுத்து, செவுளைப் புண்ணாக்கும் நச்சான அம்மோனியா தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பழைய தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. புதுத் தண்ணீர் விட்ட குழாய் சற்று நேரத்தில் கரும்பச்சையாகிவிட்டது; அம்மோனியா மிகுந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கடல்நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.2 அளவில் இருப்பதால், பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிட அம்மோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்கு கூடுதலாக இருக்கும் என்று பெரியவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டியிருந்தால் வடிகட்டியில் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவும் போயிருக்கும். காப்பர், நிமோ மீன்கள் அடைந்து வாழும் கடல் சாமந்திகளை ஒன்றுவிடாமல் கொன்றிருக்கும்.

இவ்வளவு அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் சொன்னவர் பக்கத்துத் தெரு மீனவ அண்ணன். "தென்கடல் பச்சையாக் கெடக்கு தங்கச்சி, பூங்கோரை வந்துருச்சு. அந்தத் தண்ணியவா ஏத்துனீங்க?" என்று அவர் கேட்டதும் பெரியவர் நேராகத் தண்ணீர் வடிகட்டும் துணிப்பையைப் போய் எடுத்தார். நாங்கள் விடியுமுன்பே மோட்டார் போடுவது வழக்கம் என்பதால் இருட்டில் கடலின் நிறம் எங்களுக்குத் தெரியவில்லை. பையின் அடியில் பாசிப்பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஒரு படிவு ஒட்டியிருந்தது. நுண்ணோக்கியில் அது உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரி அது; அது பெருகிக் கடல் பச்சையாவதைத்தான் எங்கள் மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள். தன் உடம்புக்குள் அம்மோனியாவைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அது மிதக்கிறது. துணி அதைத் தடுத்தாலும், உடையும்போது வெளியேறும் அம்மோனியா தண்ணீரோடு போய்விடும். 2019 செப்டம்பரில் எங்கள் தென்கடலான மன்னார் வளைகுடாவில் இதே பூங்கோரை படர்ந்து, மீன்கள் கரை ஒதுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே சங்கதி குழாய் வழியாகக் கொட்டகைக்குள் வரும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

அதன் பிறகு நடந்தது வெறும் உழைப்பு. அந்த அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும் தெளிவாக இருந்த வடகடலான பாக் விரிகுடாவிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைச் சோதித்த பின்னரே ஊற்றினோம். தீனியை நிறுத்தி, காற்றுக் கருவிகளைக் கூட்டி, இரவு முழுவதும் பாதிப் பாதியாகத் தண்ணீர் மாற்றினோம். நன்னீரில் அம்மோனியாவைப் பிடிக்கும் சியோலைட் கல்லைப் போடலாமா என்று கேட்டபோது, கடல்நீரின் உப்பில் அது அம்மோனியாவைப் பிடிக்காது, காசை வீணாக்காதீர்கள் என்று பெரியவர் தடுத்துவிட்டார். மறுநாள் மாலை மீன்கள் கீழே இறங்கித் தீனி கேட்டன.

மின்சாரம் நின்ற நேரத்தில் ஜெனரேட்டரைக் கொடுத்த ஐஸ் கம்பெனி அண்ணனுக்கும், தண்ணீர்க் கேன்களை ஏற்றி வந்து வாடகை வாங்க மறுத்த ஆட்டோ ஓட்டுநருக்கும், சரக்கு தாமதமானாலும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத கொளத்தூர் வியாபாரிக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. நுண்ணோக்கி கொண்டுவந்த தங்கை இப்போது மாதம் ஒரு முறை வந்து எங்களுக்குச் செவுள் பார்க்கச் சொல்லித் தருகிறார். அன்றைய சோதனைக் குறிப்புகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் கொட்டகைக்கு வந்து பார்த்துப் படியெடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்க்கும் மகளிர் குழுவினர் சார்பில்,
பாம்பன்.