கதவ பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பார்ட்டினு போய்ட்டு நேரங்கெட்ட நேரத்துல வர்ற பசங்கள ரெண்டு நாள் வாசல்லயே நிக்க விட்டு கதவ பூட்டுங்க, மூணாவது நாள் தானா வழிக்கு வந்துடுவாங்கனு நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதிருந்தாரு. அதப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. ஏன்னா நான் அத செஞ்சு பாத்தவ.

பையனுக்கு அப்ப 16 வயசு. 10.30க்கு வந்துடுறேன்னு சொல்லிட்டு ஃப்ரெண்டோட பர்த்டே பார்ட்டிக்கு போனவன் 12.45க்கு வந்தான். நான் உள்தாப்பா போட்டுட்டு, லைட்ட அணைச்சிட்டு, ஹால்லயே உக்காந்திருக்கேன். சாவிய போட்டு திருகுறான், கதவு திறக்கல. பெல் அடிப்பான், கெஞ்சுவான், நாலு திட்டு திட்டி உள்ள விடலாம்னு நான் டயலாக் எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தா, அவன் பெல்லே அடிக்கல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் படியில செருப்பு சத்தம் இறங்கி போகுது. பதறிப்போய் கதவ திறந்தா ஆளக் காணோம். போனும் சுவிட்ச் ஆஃப். காலைல 7 மணிக்கு யாரோ ஒரு ஃப்ரெண்டோட அம்மா போன் பண்ணி இங்கதான் தூங்குறான்னு சொல்ற வரைக்கும் நானும் எங்க வீட்டுக்காரரும் பட்ட பாடு இருக்கே... தண்டனை யாருக்குங்க கிடைச்சுது?

அப்புறம் லொகேஷன் ஆப் போட்டோம். அதுல புள்ளி அசையாம ஒரே எடத்துல நிக்கும், நாங்களும் அட சொன்ன எடத்துலதான் இருக்கான்னு நிம்மதியா இருப்போம், கடைசில பாத்தா போன மட்டும் அங்க வச்சுட்டு இவன் வேற எங்கயோ சுத்திருக்கான். நம்மள விட அவங்களுக்கு அந்த ஆப் நல்லா தெரியும்.

ஸ்வீடன்ல ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 14 வயசு பசங்க 703 பேரையும் அவங்க பெத்தவங்களையும் வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2000ல வெளியிட்டாங்க. வெளிய புள்ளைங்க என்ன பண்றாங்கனு பெத்தவங்களுக்கு தெரிஞ்சிருக்குறது முக்கியமா எதனாலனு பாத்தா, துருவித் துருவி கேட்டதாலயோ கெடுபிடி பண்ணதாலயோ இல்லயாம், புள்ளைங்களே வந்து சொன்னதாலயாம். இத முன்னாடியே படிச்சிருந்தா தாப்பாவையும் ஆப்பையும் நம்பிருக்க மாட்டேன்.

உண்மைய சொல்லணும்னா எனக்கு லேட்டா வர்றது கூட ரெண்டாவது கவலைதான், யார் வண்டில வர்றான், ஓட்டுறவன் குடிச்சிருக்கானா, இதுதான் வயித்துல புளிய கரைக்கும். அமெரிக்கால 1981லயே ராபர்ட் அனஸ்டாஸ்னு ஒரு ஸ்கூல் கோச், தன்னோட மாணவர்கள் ரெண்டு பேர் அடுத்தடுத்து கார் விபத்துல போனதுக்கப்புறம் பெத்தவங்களும் பசங்களும் கையெழுத்து போடுற மாதிரி ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்தாரு. குடிச்சவன் வண்டில ஏற மாட்டேன், உங்கள கூப்பிடுவேன்னு புள்ள எழுதித் தரணும், எந்நேரமானாலும் வர்றேன், அந்த நேரத்துல கேள்வி கேக்க மாட்டேன்னு நாம எழுதித் தரணும். நாங்க கையெழுத்தெல்லாம் போடல, வாய் வார்த்தைதான். எங்க வீட்டுக்காரர் ஒத்துக்கவே இல்ல, இது குடிக்கிறதுக்கு நாமளே லைசென்ஸ் குடுக்குற மாதிரி இருக்குனாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குனுதான் எனக்கும் பட்டுச்சு, ஆனா வேற வழி தெரியல.

மூணு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை 12.10க்கு போன். பின்னாடி பாட்டு காதப் பொளக்குது, இவன் குரல் மட்டும் சின்னப் புள்ள மாதிரி, அம்மா வர முடியுமாங்குறான். போனோம். வண்டில ஏறினதும் அவர் வாயத் திறக்கப் போனாரு, நான் அவர் தொடைல கைய வச்சு ஒரு அமுக்கு. வீடு வர்ற வரைக்கும் யாரும் பேசல. மறுநாள் பல்லு வெளக்கிட்டு அவனாவே கிச்சனுக்கு வந்து, யார் குடிச்சாங்க, யார் வண்டி, இவன் எவ்ளோ குடிச்சான் வரைக்கும் சொல்லிட்டான். அந்த ராத்திரிதான் கேள்வி கிடையாது, காலைல உண்டுங்க. அடுத்த ரெண்டு வாரம் எங்கயும் போகலனு அவன் வாயாலயே சொல்ல வச்சேன்.

இதனால அவன் திருந்திட்டான்னு நான் சொல்ல வரல. இப்பவும் சொன்ன டைமுக்கு 20 நிமிஷம் லேட்டாதான் வர்றான். ஆனா லேட் ஆகும்னு மெசேஜ் வருது.

இன்னொன்னு. இந்த விஷயத்துல பையனுக்கு ஒரு சட்டம் பொண்ணுக்கு ஒரு சட்டம்னு வைக்கிறவங்கதான் ஜாஸ்தி, நானும் அப்படித்தான் இருந்தேன். என் பொண்ணு ஒரு நாள் கேட்டா, அவன் குடிச்சா ஆள் போய் கூட்டிட்டு வர்றீங்க, நான் 9 மணிக்கு வந்தாலே முகம் தூக்குறீங்கன்னு. பதில் இல்ல என்கிட்ட. இப்ப அதே ஒப்பந்தம் அவளுக்கும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். கதவ பூட்டு, போன புடுங்குங்குற யோசனைக்கு பதிலா, புள்ள போதைல வந்து விழுந்தா என்ன செய்யணும்னு ஒரு டாக்டர விட்டு எழுதச் சொல்லுங்க. காபி குடுக்குறது, தலைல தண்ணி ஊத்துறதுனு நாம பண்றது எதுவும் போதைய இறக்காது, ஈரல் அது வேகத்துலதான் வேலை செய்யும். மல்லாக்க படுக்க வச்சா வாந்தி மூச்சுக்குழாய அடைச்சிடும், ஒருக்களிச்சுதான் படுக்க வைக்கணும், தனியா விட்டுட்டு நாம போய் தூங்கவும் கூடாது. உலுக்கியும் முழிக்கல, மூச்சு விட்டு விட்டு வருது, ஒடம்பு சில்லுனு இருக்குனா பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்கனு பாக்காம ஆம்புலன்ஸ கூப்பிட்டுடணும். இதெல்லாம் எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

பேர் மட்டும் போட்டுடாதீங்க சார். பையன் ஸ்போர்ட்ஸ் பக்கம் பாக்குறதுக்காக தினமும் உங்க பேப்பரதான் முதல்ல எடுக்குறான்.

இப்படிக்கு,
ஒரு அம்மா