சிலோன் கதையைச் சொன்ன என் சொந்தங்களுக்கு

அப்பாயிக்கும், பெரியத்தைக்கும், இலங்கையில் ஹட்டனில் இருக்கும் சின்னத் தாத்தாவுக்கும், நீலகிரியில் பந்தலூர் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மாமாக்கள், அத்தைகள் எல்லாருக்கும் வணக்கம்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் குடும்பம் இங்கே வந்த கதையைக் கேட்க, ஒன்றரை வருஷமாக போனில் ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு உங்கள் அடுப்படியிலும் திண்ணையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கொழுந்து எடுத்துவிட்டு அலுத்துப்போய் வந்த நாளிலும் யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் எனக்குக் கேட்கவே தெரியவில்லை. "எந்த வருஷம் கப்பல் ஏறினீங்க?" என்றால் அப்பாயி கையை விரித்துவிடுவார். "வருஷத்தக் கேக்காத, பஞ்சத்தக் கேளு" என்று வழி சொன்னது பெரியத்தை. 1973, 74இல் தோட்டங்களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று கிடந்த காலம் அது. அதைக் கேட்டதும் அப்பாயிக்கு எல்லாம் வந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) ஓடியது, கங்காணியின் ஏச்சு, அதற்கு அடுத்த வருஷம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அத்தை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தந்த குடும்ப அட்டையிலும் 1975 என்றே இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் இருந்த நாட்களையும், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வேலைக்காக இந்த மலைக்கு வந்து சேர்ந்ததையும் பொறுமையாகச் சொன்ன மாமாவுக்கு நன்றி. பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எழுதித் தந்த என் தங்கைக்கும்.

சின்னத் தாத்தாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாத தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு அண்ணனை இந்தப் பக்கமும் தம்பியை அந்தப் பக்கமும் விட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும், சிக்னலுக்காகக் கோயில் மேட்டுக்கு ஏறிவந்து வாட்ஸ்அப்பில் பேசினார். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை அங்கே 'அழுகைக் கோச்சி' என்பார்கள். அதில் அப்பாயி உள்ளே இருந்தார், இவர் பிளாட்பாரத்தில் நின்றார். லயம் லயமாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தவர்களால், கடைசியில் கொழுந்தனான சின்னத் தாத்தாவிடம் சொல்ல முடியவில்லை; அவர் நேரத்துக்கு வரவில்லை என்றுதான் அப்பாயி இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அவரோ ஓடிவந்து, கோச்சி நகரும்போது ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எட்டிய ஜன்னலில் கொடுத்திருக்கிறார். அது வேறு பெட்டி.

இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். "ரொட்டி எங்க கைக்கு வரலையே தம்பி" என்றார் அப்பாயி. அப்புறம் ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியும் பதிவில் இருக்கிறது, அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

எழுதியதை எல்லாம் அச்செடுத்துப் பொங்கலுக்குள் உங்கள் வீடுகளுக்கு அனுப்புகிறேன். ஹட்டனுக்கும் ஒரு பிரதி வரும். பேரோ முறையோ தப்பாக இருந்தால் ஓரத்தில் பேனாவால் திருத்தித் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பேத்தி