நோட்டில் எண்ணை எழுது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

ஓசூர் போனதிலிருந்து ஜாப்பில், அதாவது கடைந்த உலோகத் துண்டில், பிசிர் எடுப்பதும் அதை அளப்பதும்தான் வேலை, கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி லேத்தின் பேனல் பக்கமே விடமாட்டேன் என்கிறார்கள் என்று வருத்தப்பட்டாய். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அளக்கிற வேலையைக் குறைவாக நினைக்காதே. லேத்துக்குள் என்ன நடக்கிறது என்பது முதலில் தெரிவது மைக்ரோமீட்டர் வைத்திருக்கிறவருக்குத்தான். ஒரு நோட்டு போடு. மணி, எத்தனையாவது ஜாப், டயா (விட்டம்) எவ்வளவு. ஐந்து ஜாப்புக்கு ஒரு தடவை எழுது. டாலரன்ஸுக்குள் (அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள்) இருக்கிறது என்று டிக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதே, எண்ணை எழுது. கொஞ்ச நாளில் வெளி டயா மெல்ல மெல்ல ஏறுவது கண்ணில் படும். வெட்டுகிற சின்னத் துண்டான இன்சர்ட்டின் முனை தேயத் தேய வெட்டு குறைகிறது, ஜாப் பெருக்கிறது. மெஷினுக்கு அளவு வைக்கிற செட்டர் வந்து ஆப்செட்டில், அதாவது முனையின் இடத்தைத் திருத்தும் எண்ணில், 0.02 மில்லிமீட்டர் குறைப்பதை நீ வேடிக்கை பார்த்திருப்பாய். நோட்டு இருந்தால், ஏன் அந்த நேரத்தில், ஏன் அவ்வளவு என்பதும் புரியும். ஜி00, ஜி01 மாதிரி புரோகிராம் கட்டளைகள் எல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். இந்தக் கணக்கு அப்படி வராது.

சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் வரும் முதல் சில ஜாப்புகளைத் தனியாகக் கவனி. மெஷின் ஆறியிருக்கும், மறுபடி சூடேறும்வரை அளவு ஆடும். ஜாப்பின் சூட்டையும் பார். டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது, உலகம் முழுக்க அதுதான் வழக்கம். 100 மில்லிமீட்டர் ஸ்டீல் ஜாப் அதைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறக்குறைய 0.023 மில்லிமீட்டர் பெருத்திருக்கும். சூடாக அளந்து சரி என்று விட்டது, ஆறினதும் ரிஜெக்ட் ஆகும்.

காலி இன்சர்ட் பெட்டியைத் தூக்கிப் போடாமல் படி. சிஎன்எம்ஜி 120408 என்று இருந்தால் கடைசி 08 முனையின் ஆரம், 0.8 மில்லிமீட்டர். அந்த முனையில் பீடு, அதாவது ஜாப் ஒரு சுற்று சுற்றும்போது முனை நகரும் தூரம், 0.2 மில்லிமீட்டர் வைத்தால் ஜாப்பின் மேல் விழும் கோட்டின் ஆழம் கணக்குப்படி 6 மைக்ரானுக்குச் சற்று மேல். 0.1 ஆக்கினால் ஒன்றரை மைக்ரான்தான். பீடு பாதி, ஆழம் கால்வாசி! எனக்கு இன்றைக்கும் இது சந்தோஷமான கணக்கு.

பீளமேட்டில் என்னோடு இருந்த பையன்களில் சீக்கிரம் செட்டரானவர்கள் எல்லாரும் பாக்கெட்டில் நோட்டு வைத்திருந்தவர்கள். "அண்ணா, காலையில் 49.98 இருந்தது, பதினொரு மணிக்கு 50.01 காட்டுகிறது, இன்சர்ட்டைத் திருப்பிப் புது முனை வைக்கலாமா?" என்று நீ போய்க் கேள். வெறுமனே "எனக்குப் புரோகிராம் சொல்லித் தாங்க" என்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம். இப்படிக் கேட்கிற பிள்ளையைப் பேனல் முன்னால் நிறுத்தத்தான் அவர்களுக்கும் தோன்றும்.

மெஷின் ஓடும்போது கையுறை வேண்டவே வேண்டாம் சாமி. முடியை உள்ளே வைத்துக் கட்டு. சுருள் சிப்பைக் கையால் இழுக்காதே, கொக்கி இருக்கும்.

அம்மா பருப்புப்பொடி கொடுத்துவிட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நோட்டைப் பக்கத்தில் வை. ஒரு நாள் அளவை வரிசையாகப் படி, இன்சர்ட் எந்த நேரத்தில் மாற்றினார்கள் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா