அன்பு மகளுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அம்மாடி,

சீரியல் வந்த பிறகு நாடக ஒத்திகைக்கு நேரமே கிடைக்கவில்லை, குழுவிலிருந்து விலகிவிடலாமா என்று போனில் கேட்டாய். போனில் பேசினால் அவசரத்தில் எதையாவது விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். விலகாதே.

போன வாரம் உன் சீரியலில் வந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். அண்ணன் வீட்டைவிட்டுப் போகிறான். கேமரா முழுக்கக் கதாநாயகி முகத்தில்தான். நீ ஓரமாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். அவன் வாசலைத் தாண்டியதும் உன் கை நின்றுவிட்டது, காம்பைக் கீழே போடக்கூட இல்லை. வசனமே கிடையாது. உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செட்டில் வசனத்தை ப்ராம்ப்ட் செய்ய ஆள் இருப்பார். கையை எப்போது நிறுத்தணும் என்று யார் சொல்லித்தருவார்? அது உனக்கு மேடையில் வந்தது. அடுத்தவர் பேசும்போது சும்மா நிற்காமல் கேட்டுக்கொண்டே நிற்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

நம்ம பக்கத்து வல்லநாட்டுக்காரர் டெல்லி கணேஷை நினைத்துப் பார். 1964-லிருந்து பத்து வருஷம் விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார், சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நடித்தார். பாலசந்தர் 'பட்டினப் பிரவேச'த்தில் அறிமுகப்படுத்தியபோது 30 வயது தாண்டிவிட்டது. உனக்கு இன்னும் அந்த வயதே ஆகவில்லை. அப்புறம் 400 படங்களுக்கு மேல், சீரியல்கள் வேறு. 2024 நவம்பரில் 80 வயதில் போய்ச் சேரும்வரை நடிகராகவே இருந்தார்.

எனக்கு அவரிடம் பெரிய ஆச்சரியம் அவர் பேச்சு. 'பசி'யில் ரிக்‌ஷாக்காரர், ஷோபாவுக்கு அப்பா. மெட்ராஸ் குப்பத்துத் தமிழ்தான் பேசுவார். 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர். தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்தவர் என்று எந்த இடத்திலாவது தெரிகிறதா? 'சிந்து பைரவி'யில் மிருதங்கம் வாசிப்பவராக வந்தார். எல்லாமே கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கிற வேஷங்கள். அவர் இல்லாமல் அந்தப் படங்களை யோசித்துப் பார், தெரியும்.

கல்யாண வீட்டில் யாராவது "எப்ப ஹீரோயின் ஆவே?" என்று கேட்டால் வருத்தப்படாதே. கதாநாயகிக்கு வயது ஒரு கணக்கு. நாத்தனார், அம்மா, பாட்டி என்று மாறிக்கொண்டே போகிறவளுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

சீரியலை விடச் சொல்லவில்லை. வாடகை அதில்தான் வருகிறது, எனக்குத் தெரியும். அடுத்த ஒப்பந்தம் போடும்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு கால்ஷீட் கிடையாது என்று முதலிலேயே பேசி எழுதி வாங்கிவிடு. வாய்வார்த்தையை நம்பாதே, முன்பு ஒரு கம்பெனி உன் சம்பளத்தை எத்தனை மாதம் இழுத்தடித்தது என்று மறந்திருக்க மாட்டாய். குழுவில் பெரிய வேஷம் வேண்டாம், நாலு வரி வேஷமாக இருந்தாலும் சரி. மேடை ஏறிக்கொண்டே இரு.

இரவு ஷூட்டிங் முடிந்தால் கம்பெனி வண்டியிலேயே வீட்டுக்குப் போ. தொண்டை கட்டியிருக்கிறது என்றாயே, ஐஸ் தண்ணி குடிக்காதே. அடுத்த நாடகம் எந்த சபாவில், எந்தத் தேதி என்று சீக்கிரம் சொல். நெல்லை எக்ஸ்பிரஸில் உன் அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்கணும் என்றால் இப்போதே டிக்கெட் போட்டாகணும்.

அன்புடன்,
அப்பா