சிலை எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்

சிங்கப்பூரில் பழங்காலக் கலைப்பொருள்களை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் ஏல நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவரின் கடையில் ஓர் அம்மன் செப்புத் திருமேனியைப் பார்த்தேன். பீடத்தின் இரு பக்கமும் தண்டு கோக்கும் வளையங்கள். இடுப்பு மடிப்பில் காய்ந்த சந்தனம். ஏதோ ஓர் ஊரில் வீதியுலா வந்தவள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். "தனியார் சேகரிப்பு" என்றார்கள். மற்ற விவரமெல்லாம் வாங்குபவருக்கு மட்டும்தானாம்.

திருட்டுச் சிலைகளை உலகெங்கும் விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட உமா பரமேஸ்வரி சிலையை 2007இல் 650,000 அமெரிக்க டாலருக்கு நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் வாங்கியது அவரிடம்தான். அதே கோயில் நடராசரை அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரிடமே 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 1970 வாக்கிலேயே இந்தியாவை விட்டுப் போன சிலை என்று கபூர் காகிதம் காட்டியிருந்தார். ஆனால் 1994இல் அது கோயிலுக்குள் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படம் சாட்சி.

அந்த ஊர்க்காரர்களை நினைத்துப் பாருங்கள். பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில். சிலைகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்தபோது, எங்கள் சாமி எங்களிடமே இருக்கட்டும் என்று தடுத்திருக்கிறார்கள். 2008இல் கதவைத் திறந்த பிறகுதான் சாமி போனதே தெரிந்தது. நடராசர் 2014இல் நாடு திரும்பினார். அப்போதும் அவரைக் கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். உமாவை நம் அரும்பொருளகம் 2015இல் திருப்பித் தந்தது. சரியான செயல், மனதார வரவேற்கிறேன். அதற்குப் பிறகும் உங்கள் கடைகளில் "தனியார் சேகரிப்பு" என்ற ஒரே பதில் போதும் என்றால் எப்படி?

எந்த ஊர், யாரிடமிருந்து, எந்த ஆண்டு. இதைச் சிலையின் பக்கத்திலேயே எல்லாரும் படிக்கும்படி எழுதி வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வாங்குகிறவர்களில் நம் தமிழர்களும் இருக்கிறார்கள். வரவேற்பறையில் சோழர் காலத்துச் சிலை வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கோயிலுக்கு நன்கொடையும் கொடுத்துவிட்டு, இன்னொரு கோயிலின் சாமியை வீட்டில் நிறுத்தி வைப்பது என்ன பக்தி? கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் நடக்கிறது இது. நீங்கள் விற்காவிட்டால் அவர்கள் வாங்கப்போவதும் இல்லை.

கோபத்தில் எழுதியதில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர்களும் உங்களில் உண்டு, அவர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. எந்த ஊர், யாரிடமிருந்து, எந்த ஆண்டு என்று தயவுசெய்து எழுதி வையுங்கள். அப்படி எழுத முடியாத சிலையை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, அதன் படத்தை இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர்