செயலாளர் ஆண்டறிக்கை: செவ்வாய்க்கிழமை கூட்டமும் பூண்டு ஸ்டாலும்

தலைவர் அண்ணனுக்கும், மூத்த மெம்பர்களுக்கும், குடும்பத்தோட வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். போன ஜூலை 1ல ஆரம்பிச்ச நம்ம கொடைக்கானல் ரோட்டரி சேவை சங்கத்தோட வருஷம் இந்த ஜூன் 30ஓட முடியுது. வரவு செலவ பொருளாளர் தனியா படிப்பாரு, அதனால நான் ரூபாய் பைசாக்குள்ள போகல, வாராவாரம் என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

மொதல்ல கூட்டம். அக்டோபர்ல மழ புடிச்சதுல இருந்தே ஆள் வரத்து கொறஞ்சிருச்சு. கொடைக்கானல்ல சாயங்காலம் ஆறரைக்கு மேல மேகம் இறங்கிட்டா எதிர்ல வர்ற வண்டி கூட தெரியாது, பெருமாள்மலை பண்ணைக்காடு பக்கம் இருந்து வர்றவங்க கூட்டம் முடிஞ்சு எப்படி திரும்புவாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. நவம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை அஞ்சே பேர் தான், வாராவாரம் காசு சேக்குற உண்டியல சுத்தி விடக்கூட மனசு வரல, கதவ சாத்திட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

அப்பதான் நம்ம மூத்த மெம்பர் அய்யா ஒரு விஷயம் சொன்னாரு. 1905ல சிகாகோல பால் ஹாரிஸும் மூணு நண்பர்களும் ரோட்டரிய ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு ஹால்னு ஒண்ணு கெடையாது, ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் ஆபீஸ்ல மாத்தி மாத்தி கூடுவாங்க, ரோட்டரிங்கிற பேரே அதுல வந்தது தான், நம்மளும் அப்படி செஞ்சா என்னன்னு கேட்டாரு. டிசம்பர்ல இருந்து அப்படியே செஞ்சோம், நேரத்தையும் அஞ்சு மணிக்கு மாத்தினோம். டெய்லர் கடையில கூடினோம், மெடிக்கல் ஷாப் மாடியில கூடினோம், ஹோம்ஸ்டே நடத்துற அக்கா வீட்டு சமையல்கட்டுல கூட ஒரு கூட்டம் நடந்துச்சு. ஒருத்தர் தொழில் பண்ற எடத்துக்கு போனா அவர பத்தி பத்து வருஷமா தெரியாதது ஒரு மணி நேரத்துல தெரியுது. வராம இருந்தவங்க எல்லாம் திரும்ப வந்தாங்க.

பூம்பாறையில நம்ம மெம்பரோட பூண்டு குடோன்ல நடந்த கூட்டத்த தான் நான் இந்த வருஷத்தோட பெரிய கூட்டம்னு சொல்லுவேன். மேல கட்டு கட்டா பூண்டு தொங்குது, கீழ சாக்க விரிச்சு உக்காந்திருந்தோம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சும் சீசன்ல வர்றவங்க கீழ்நாட்டு பூண்ட மலைப்பூண்டுன்னு நம்பி வாங்கிட்டு போறாங்கன்னு அவரு வருத்தப்பட்டு சொன்னாரு. அப்ப நம்மளே வித்தா என்னன்னு டெய்லர் அண்ணன் கேட்டாரு, துணிப்பை நான் தச்சு தர்றேன்னு அங்கயே ஒத்துக்கிட்டாரு. மே மாசம் ஸ்டால் போட்டோம். வர்றவங்க எல்லாம் இ-பாஸ் எடுத்துட்டு, பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரின்னும் கேள்விப்பட்டு தான் மேல வர்றாங்க, அதனால துணிப்பைன்னதும் யாரும் மூஞ்சி சுளிக்கல, பைக்காகவே பூண்டு வாங்குனவங்க உண்டு. விவசாயிக்கு வெலைய மொதல்லயே குடுத்துட்டு மீதிய தான் நம்ம கணக்குல வெச்சோம், இதுல எனக்கு ரொம்ப திருப்தி.

பக்கத்துல போட்ட பஜ்ஜி டீ ஸ்டால் சரியா போகல. ரெண்டு நாளும் மத்தியானமே மழ, கரைச்ச மாவு வீணாச்சு, வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டருக்கு பேசினத விட கூட கேட்டாங்க, நன்கொடை தர்றேன்னு சொன்ன ஒரு எடத்துல இருந்து இன்னும் வரல. அடுத்த வருஷம் சமையல் ஸ்டால் வேண்டாங்கிறது என் கருத்து.

இந்த காசு எதுக்குன்னு புதுசா சேந்தவங்களுக்காக சொல்றேன். இங்க இருந்து ஒருத்தர தேனிக்கோ மதுரைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா 108 காசு வாங்காது, வைத்தியமும் இலவசம், ஆனா கூட போற பொண்டாட்டிக்கோ அம்மாவுக்கோ மூணு வேள சாப்பாடு, படுக்க ஒரு எடம், திரும்பி வர பஸ் காசு, இத யாரு தருவா? தோட்ட வேலைக்கு போற குடும்பத்துக்கு அன்னன்னைக்கு கூலி தான், கையில ஒண்ணும் இருக்காது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு கட்டின சேலையோட ஆம்புலன்ஸ்ல ஏறி போறவங்கள நான் பாத்திருக்கேன். அந்த துணையாள் செலவுக்கு தான் வாராவாரம் உண்டியல் சுத்துது, பூண்டு காசும் அதுல தான் சேந்துச்சு.

ரத்த தானம் லிஸ்ட்ட புதுசா எழுதியிருக்கோம். ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கலாம், கடைசியா குடுத்த தேதிய தயவுசெஞ்சு எங்கிட்ட சொல்லி வைங்க, பாதி பேர் இன்னும் சொல்லல. போலியோ சொட்டு மருந்து அன்னைக்கு வெள்ளி அருவி பக்கம் குளிர்ல நின்னவங்களுக்கும் நன்றி.

அடுத்த கூட்டம் வர்ற செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு, நாயுடுபுரத்துல நம்ம மெம்பரோட ஒர்க்‌ஷாப்புல. மினிட்ஸ் நோட்டும் உண்டியல் சாவியும் புது செயலாளர் தம்பி கையில குடுத்துட்டேன்.